எண்ணிக் கொட்டிய நாற்பது

வெந்நீரம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. ரத்தக் கறை, மருந்துக் கறை, எது வந்தாலும் அவளிடம் ஒரே வைத்தியம்தான்: கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற பச்சைத் துணிகளை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டாள். தானே மடித்து, தானே எண்ணி, நாற்பது நாற்பதாகக் கட்டி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கட்டை எண்ணினாலும் ஒன்று குறைந்ததில்லை, ஒன்று கூடினதும் இல்லை.

அப்படிப்பட்டவள் வீட்டில் தெள்ளுப்பூச்சி புகுந்துவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவள் முகத்துக்கு நேரே சிரிக்க மட்டும் யாருக்கும் தைரியம் இல்லை.

வீட்டில் பூனைகள் மூன்று. கறுப்பனுக்குப் பெயர் தார். வெள்ளைக்காரிக்கு மாவு. மூன்றாவது ஒன்றரை மாதக் குட்டி, பெயர் பொட்டலம். வார்டிலிருந்து வந்த அழுக்கு மூட்டையை ஒருநாள் இயந்திரத்துக்குள் தள்ளுவதற்கு முன்னால் வழக்கப்படி பிரித்து எண்ண உட்கார்ந்தபோது, பதினேழாவது விரிப்பின் மடிப்புக்குள் அது கிடந்தது, கண்கூடத் திறக்காமல். எண்ணாமல் போட்டிருந்தால் வெந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு சொட்டாகப் பால் புகட்டி, சலவைக்கூடத்துக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிச் சுமந்து, அதை அவள் உயிரோடு நிறுத்தினாள். அவள் கணவர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள், "பெத்தவகூட இப்படிப் பாக்கமாட்டா," என்று சொன்னார்.

முதலில் கடி வாங்கியது அவருடைய கணுக்கால்தான். பிறகு மாவு கழுத்தைச் சொறிந்து சொறிந்து முடி கொட்டினாள். பேன் சீப்பால் வாரி, விழுந்த கறுப்புப் பொடியை ஈரக் காகிதத்தில் தட்டிப் பார்த்தாள் வெந்நீரம்மா. பொடி சிவப்பாகக் கரைந்தது. "நம்ம புள்ளைங்க ரத்தம்ங்க இது," என்றாள். அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள்.

மெத்தை உறை, திரைச்சீலை, கால்மிதி, நாற்காலித் துணி எல்லாம் வெந்நீருக்குள் போயின. சோபாவின் இடுக்கெல்லாம் குடைந்து, தரை விரிசல்களில் வெந்நீர் ஊற்றி, வீட்டையே ஒரு அவி அவித்து எடுத்தாள். கால்நடை டாக்டர் பெரிய பூனைகளுக்குப் பிடரியில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார். குட்டிக்கு அந்த மருந்து ஆகாது, வாரி வாரித்தான் எடுக்க வேண்டும் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். வெந்நீரம்மா பாதி கேட்டாள். பூச்சியைப் பற்றி எனக்கா பாடம் என்கிற நினைப்பு.

மருந்து விட்ட மறுநாள் காலையில் பார்த்தால் தாரின் பிடரியில் எண்ணெய்ப் பிசுக்கு. மாவின் வெள்ளை முடியில் இன்னும் மோசம், திட்டாகத் தெரிந்தது. கறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற கையா அது? இரண்டையும் தூக்கி வாளியில் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்புமாக அலசித் துடைத்துப் பளபளவென்று விட்டாள். பத்து நாளில் பூச்சி திரும்பி வந்தது. மறுபடி மருந்து, மறுநாள் குளியல், மறுபடி பூச்சி. இப்படி மூன்று தடவை.

மூன்றாம் தடவை அவள் சுவரைப் பார்த்தாள்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்த வீடு அது. ஹாலை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் வெந்நீரம்மா. அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி, தையல்காரி. வாசல் அறையில் மெஷின் போட்டு, வருகிறவர்களுக்கு அளவும் எடுப்பாள், ஊர்க்கதையும் எடுப்பாள். பின்பக்கம் ஒரே முற்றம், ஒரே துணிக்கொடி. பூனைக்கு ஏது பாகப்பிரிவினை, அவை இரண்டு பக்கமும் போய்வந்தன.

"நம்ம வீட்ல ஒரு நூலு பாக்கி வைக்காம அவிச்சாச்சு. அப்புறம் எங்கிருந்துங்க வருது? அங்கிருந்துதான். வெட்டுத்துணியா குமிச்சு வச்சிருக்கா, பெருக்கறது கெடையாது," என்றாள்.

"அவ வீட்ல யாருக்கும் கடி இல்லியே," என்றார் வாட்ச்காரர்.

"உங்களுக்கு உங்க தம்பி வீட்டைச் சொன்னா பொறுக்காதே."

அவர் வாட்சுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சந்தேகம் வரைக்கும் பரவாயில்லை. அந்த வாரமே வேறொன்று நடந்தது. ரவிக்கை தைக்க வந்த நர்ஸ் ஒருத்தியிடம் தையல்காரி, "துணிய உதறிப் போட்டுக்கோங்க, பக்கத்து வீட்ல தெள்ளுப்பூச்சி குதிக்குது," என்று சொல்லிவிட்டாள். சொன்னது உண்மை, மறுக்க முடியாது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பேச்சு நர்ஸோடு நடந்து போய் வார்டு தாண்டி, தியேட்டர் தாண்டி, மேலதிகாரியின் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: "வீட்டுப் பிரச்சினை தீர்ற வரைக்கும் தியேட்டர் துணியை வேற ஆள் பாக்கட்டும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் கண்ணெதிரே, நேற்று வேலைக்கு வந்த பெண் பச்சைத் துணியை மடித்தாள். மூலைக்கு மூலை சேராமல் மடித்தாள்.  அன்று முழுக்க வெந்நீரம்மாவுக்குள் ஒரே ஒரு சத்தம்தான் ஓடியது: இருடி தையல்காரி, உன்னை ஒரு கை பாக்கறேன்.

இதற்கிடையில் பொட்டலம் வாடிப் போனது. விளையாடவில்லை, பாலுக்கு எழுந்திருக்கவில்லை. ஈறு வெள்ளைக் காகிதமாக இருந்தது. டாக்டர் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "பூச்சி உறிஞ்சியே ரத்தம் போயிருச்சும்மா. இதுக்குமேல ஒரு சொட்டு போகக்கூடாது. உங்க வீடு சுத்தமாகற வரைக்கும் குட்டி அங்க இருக்க வேணாம். இல்லைன்னா பிழைக்காது," என்றார்.

வெந்நீரம்மா ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "நான் ஏற்பாடு பண்றேன், நீ கிளம்பு," என்றார் கூட வந்திருந்த கணவர். மாலையில் கேட்டபோது, "டாக்டர்கிட்டயே விட்டிருக்கேன்," என்றார். மடி காலியாக இருந்தது அவளுக்கு. அழுதாள். அழுதுமுடித்ததும் கோபம் இரண்டு பங்காக ஏறியது. என் வேலையையும் பறித்தாள், இப்போது குட்டியின் ரத்தத்தையும் குடிக்கிறாள். பூச்சி என்று ஒன்று இருந்ததையே அவள் மறந்துவிட்டாள். எல்லாம் ஓரகத்திதான்.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. காலையில் கணவர் கடைக்குப் போனதும், அவர் சிறு திருகாணிகள் போட்டுவைக்கிற கண்ணாடிப் புட்டி ஒன்றைக் காலி செய்து எடுத்துக்கொண்டாள். தாரை மடியில் அமுக்கிப் பிடித்துப் பேன் சீப்பால் வாரினாள். வழக்கமாக வாருகிற பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிச் சாகடிப்பாள். அன்றைக்கு உயிரோடு புட்டிக்குள் தட்டி மூடினாள். வாருவதும், மூடியைத் திறந்து தட்டுவதும், சட்டென்று மூடுவதும். குதித்துத் தப்பினவை தப்பின. தார் கதறினான். மாவு இரண்டு இடத்தில் பிறாண்டினாள். வெந்நீரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே போனாள். நாற்பது ஆனதும் நிறுத்தினாள். ஒரு கட்டு என்றால் அவளுக்கு நாற்பதுதான்.

முற்றத்துக்குப் போய்த் துணி காயப்போடுகிறவள் போல நின்றாள். வாசல் அறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தையல்காரியின் பின் ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு உள்ளே, எட்டின தூரத்தில், பெரிய வெட்டுத்துணிக் கூடை. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. வெந்நீரம்மா கையை விட்டுத் துண்டின் ஓரத்தைத் தூக்கி, புட்டியைக் கவிழ்த்து, அடியில் நாலு தட்டுத் தட்டினாள். "ஊருக்கெல்லாம் சொல்லு இப்ப," என்று மெல்லச் சொல்லிவிட்டு வந்தாள். பல நாள் கழித்து அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே டாக்டரிடம் போனாள், பொட்டலத்தைப் பார்க்க.

"குட்டி இங்க இல்லையேம்மா," என்றார் டாக்டர். "இங்க நோய் புடிச்ச நாய்ங்க கெடக்கு, இங்க விட முடியாதுன்னு சொன்னேன். உங்க வீட்டுக்காரர் தம்பி வீட்ல வச்சுக்கறேன்னு கொண்டு போனார். நேத்து காலையில அந்தம்மா தூக்கிட்டு வந்து காட்டுனாங்க. ஒரு பூச்சி இல்லை, கண்ணாடி மாதிரி வச்சிருக்காங்க. பால்கூடக் கொஞ்சம் குடிக்க ஆரம்பிச்சிருச்சு."

வெந்நீரம்மா வாசல் பக்கம் திரும்பினாள்.

"கேக்கணும்னு இருந்தேன்," என்றார் அவர். "பெரிய பூனைங்களுக்கு மருந்து விட்டதும் ரெண்டு மூணு நாள் குளிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னேனே, குளிப்பாட்டலையே?"

 வீடு வரைக்கும் ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். நர்ஸ் கதைக்குப் பிறகு மிதிக்காத ஓரகத்தி வாசலை அன்று செருப்போடு மிதித்தாள்.

தையல்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பொட்டலம். பக்கத்தில் அந்தக் கூடை. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"வாங்கக்கா. மாமா உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு, கோவிச்சுப்பீங்கன்னு," என்றாள். "நேத்து காலையில வரைக்கும் நல்லா இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து கூடையில தூங்க வச்சேன். மத்தியானத்துல இருந்து சொறியுது. பாத்தா மேலெல்லாம் பூச்சி. எங்கிருந்து வந்துச்சுன்னே புரியல.  வாரி வாரிப் பாக்கறேன், ஒண்ணுகூடச் சிக்காம ஓடி ஓடி ஒளியுது."

"சீப்பைக் குடு," என்றாள் வெந்நீரம்மா. 

உட்கார்ந்தாள். குட்டி அவள் வாசனை தெரிந்து லேசாக வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. ஈறு முன்னைவிட வெளுத்திருந்தது. கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுத்திலிருந்து தொடங்கினாள். காது மடல், அக்குள், வாலடி. சீப்பில் சிக்கினதை முக்கினாள், முக்கினதை எண்ணினாள். தையல்காரி கூடைத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெந்நீரில் போட்டாள். மிதந்ததை இவள் எட்டிப் பார்த்து அதையும் கணக்கில் சேர்த்தாள். உதடு தானாக அசைந்தது.

ஒரு மணி நேரம் ஆனது. பொட்டலத்தின் மேல் எதுவும் ஊர்வதாகத் தெரியவில்லை.

"போதும்க்கா, எல்லாம் போயிருச்சு," என்றாள் தையல்காரி. "தூங்கட்டும், பாவம்."

"இல்ல. முப்பத்தொண்ணுதான் ஆச்சு," என்றாள் வெந்நீரம்மா, சீப்பை நிறுத்தாமல். "இன்னும் ஒம்பது இருக்கு."

தையல்காரி கையிலிருந்த துணியை வைத்தாள்.

"ஒம்பதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவளுக்குப் பொய் வரவில்லை. எண்ணிக்கையில் அவள் என்றைக்கும் பொய் சொன்னதில்லை. "நான்தான் போட்டேன்," என்றாள். "ஜன்னல் வழியா. நாப்பது. குட்டி உள்ள இருக்குன்னு தெரியாது. உனக்குன்னுதான் போட்டேன்."

தையல்காரி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  அவள் குனிந்து, இவள் மடியிலிருந்து அதை அலுங்காமல் எடுத்துத் தன் தோளில் சாத்திக்கொண்டாள்.

"நர்ஸ்கிட்ட வாயை விட்டது என் தப்பு. ஆனா நான் வாயைத்தான் விட்டேன், பூச்சிய இல்ல," என்றாள். "மீதி ஒம்பதை நான் பாத்துக்கறேன். இது இனிமே இங்கதான் இருக்கும்."

"அது என் குட்டி," என்றாள் வெந்நீரம்மா.

"தெரியும். வேலை விட்டு வந்து தெனம் பாத்துட்டுப் போங்க, யாரும் வேணாங்கல." ஓரகத்தி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். "வர்றப்ப மட்டும் கைகால் கழுவிட்டு, வேற துணி மாத்திட்டு வாங்கக்கா."

மறுநாள் மாலை வெந்நீரம்மா குளித்து, வெந்நீரில் அலசிய உடையை உடுத்திக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றாள். தையல்காரி உள்ளே வாங்க என்று சொல்வதற்கு முன்னால், குனிந்து வெந்நீரம்மாவின் பாதங்களில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள்.