பெயர்க் காரணம்

புதிய கனிமத்தைக் கண்டறிந்தவர் அதற்குத் தன் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தொழிலின் கட்டுப்பாடு அது. கல் ஆய்வாளர் படிவத்தில் தன் ஜீப் ஓட்டுநரின் பெயரை எழுதியிருந்தாள். அவர் மலைச்சரிவில் விழுந்து இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. குடும்பத்தின் சம்மதக் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஓட்டுநரின் மனைவி தையல் மெஷினை விட்டு எழவில்லை. சீருடைக் காலர் ஒன்றைத் தைத்துக்கொண்டே, "உட்காருங்க மேடம்" என்றாள்.

ஆய்வாளர் ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே பச்சைப் படிகங்கள் கடுகு கடுகாக ஒட்டிய கல்.

"இத்துணூண்டுக்கா அவர் பேரு? அந்த உருவத்துக்கு ஒரு மலையாவது வேணாமா?" மனைவி சிரித்துவிட்டாள். "சீசாத் துண்டை வைரம்னு கொண்டாந்து அலமாரியில பூட்டி வெச்ச மனுஷன்." சிரிப்பு பாதியில் நின்றது. "பேருக்கு என்ன காரணம் எழுதியிருக்கீங்க?"

"களப்பணியில் உதவிய ஓட்டுநரின் நினைவாக," என்று ஆய்வாளர் வாசித்தாள்.

மெஷின் நின்றது. "உதவினாரா? வண்டிய விட்டு இறங்குறது அவர் வேலையில்லையே. யாரு மேடம் ஏறச் சொன்னது?"

ஆய்வாளரை இப்படி நேருக்கு நேர் யாரும் கேட்டதில்லை. விசாரணையில் 'தானாக ஏறினார்' என்று எழுதியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவளுக்குக் கால் சுளுக்கு. சரிவில் மின்னியதைக் காட்டி, "அண்ணே, அது ஒண்ணு மட்டும்" என்றவள் அவள்தான். கல்லைப் பையில் போட்டு அவர் கையசைத்தார். அடுத்த நொடி காலடி மண் சரிந்தது.

"நான்தான்."

மனைவி கத்தவில்லை. "தெரியும். யாரும் சொல்லாம அந்தச் சோம்பேறி ஒரு படி ஏற மாட்டாரு. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். அதையே எழுதுங்க. நாளைக்கு என் பொண்ணு இதப் படிப்பா. அவளுக்குப் பொய் வேணாம்."

அச்சில் வந்தால் விசாரணை மறுபடி கிளம்பும், வேலைக்கே உலை. ஆய்வாளர் பழைய வரியை அடித்தாள். 'இதை முதலில் கையில் எடுத்தவர். என் சொல்லை ஏற்று ஈரச் சரிவில் ஏறி உயிரிழந்தார்' என்று எழுதினாள்.

மனைவி விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பிறகு காகிதத்தை அவள் பக்கமே தள்ளினாள்.

"மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க மேடம்."

ஆய்வாளர் போட்டாள். அதன் பிறகுதான் மனைவி பேனாவுக்குக் கை நீட்டினாள்.