இனிப்பு அஹி என்று விற்ற செடிகள்

ஒரோகோவிஸ் என்ற மலையூரில் யாரைக் கேட்டாலும், நாற்று வாங்கப் போவதென்றால் நெரெய்தா வீட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். தையல் ஆலை மூடிய வருஷம் அவள் கொல்லையில் தொடங்கிய வேலை அது. தயிர் டப்பாக்களிலும் காப்பித்தூள் தகரங்களிலும் தக்காளி, துளசி, நீளக் கொத்தமல்லி எல்லாம் முளைக்கவிட்டு விற்பாள். சனிக்கிழமைகளில் தேவாலயச் சதுக்கத்தின் ஓரத்தில் இரண்டு பலகை போட்டு உட்காருவாள். மற்ற நாட்களில் கேட் அருகில் வந்து கூப்பிட்டால் போதும். விற்ற நாற்று பட்டுப்போனால் கேள்வி கேட்காமல் வேறொன்று கொடுத்துவிடுவாள்.

ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அஹி என்கிற மிளகாய்தான். பார்க்க ஹபனேரோ மிளகாயைப் போலவே சுருங்கிச் சப்பையாக இருக்கும். மணமும் அதே மணம். காரம் மட்டும் துளியும் கிடையாது, அதனாலேயே ‘இனிப்பு அஹி’ என்று பெயர். வெங்காயம், பூண்டு, கொத்தமல்லியோடு இதையும் சேர்த்து அரைத்த விழுதைத்தான் சோஃப்ரிதோ என்பார்கள். அது இல்லாமல் அந்த மலைப்பக்கம் எந்த வீட்டிலும் அடுப்பில் சட்டி ஏறாது. காரம் தின்று பழகாத ஜனங்கள் அவர்கள். மிளகு கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலே தட்டை நகர்த்தி வைத்துவிடுவார்கள்.

மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலைக் காப்பிகூடக் குடிக்காத நேரத்தில் ஆரேயா மூடிபோட்ட சட்டியோடு வந்து நின்றாள். நெரெய்தாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாய்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“கொமாய், இத ஒரு வாய் தின்னு பாரு.”

“காலங்காத்தாலயா? என்னது?”

“தின்னுட்டுப் பேசு.”

பச்சைத் துவரை போட்ட சோறு. நெரெய்தா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். முதலில் பன்றிக்கொழுப்பின் ருசி, ஆலிவ் காயின் உப்பு. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தபோது தொண்டையில் பிடித்தது. நாக்கில் நெருப்பு வைத்தது போலிருந்தது. குழாயடிக்கு ஓடினாள்.

“என்னத்தப் போட்டுத் தொலைச்ச இதுல?”

“நீ குடுத்த செடியில காய்ச்சதத்தான் போட்டேன்.” ஆரேயா சட்டியைப் படியில் வைத்தாள். “நேத்து என் மாமனாருக்கு எண்பதாவது பொறந்தநாளு. வீடு பூரா ஆளு. மனுஷன் ரெண்டு வாய் தின்னுட்டு நெஞ்சப் புடிச்சுக்கிட்டாரு, கண்ணுல தாரதாரயா தண்ணி. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சு. எண்பது வயசாயிடுச்சேன்னு மனசு தாங்காம அழுவுறாருன்னு என் நாத்தனா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கா. அப்புறம் அவளும் ஒரு வாய் தின்னா. அவளும் அழுதா.”

நெரெய்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிக்காத.”

“சிரிக்கல.”

“ஊருல பாதிப் பேருக்கு நீதான் செடி குடுத்திருக்க. யோசிச்சுக்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.”

அவள் போனதும் நெரெய்தா கொல்லைக்குப் போய், விதைக்காக வைத்திருக்கும் ஆறு தாய்ச்செடிகளிலும் ஒவ்வொரு காய் பறித்துக் கடித்துப் பார்த்தாள். ஒன்றிலும் காரமில்லை. ஆரேயா கடையில் எதையோ மாற்றி வாங்கிவிட்டு நம் தலையில் கட்டுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்தது நிம்மதியாகவும் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆரேயா வீட்டுத் தோட்டத்துக்கே போய் அங்கிருந்த மூன்று செடிகளையும் சோதித்தாள். இரண்டு இனிப்பு. மூன்றாவது, நுனிநாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது.

திரும்பி நடந்து வரும்போதுதான் அந்தப் பழைய வாஷிங் மெஷின் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷம் ஒரு லாரி டிரைவர் ஆசையாகக் கேட்டாரே என்று இரண்டு ஹபனேரோ செடியை அந்தத் தொட்டியில் வைத்திருந்தாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால், தாய்ச்செடிகளிலிருந்து பத்தடிகூட இருக்காது. டிரைவர் திரும்ப வரவே இல்லை. ஜனவரியில் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அதற்குள் தேனீக்கள் தங்கள் வேலையை முடித்திருந்தன. பூவில் கலப்பு நடந்தால் அந்தக் காயில் தெரியாது. அதன் விதை முளைத்து, வளர்ந்து, காய்க்கும்போதுதான் தெரியும். பன்னிரண்டு வருஷமாக நாற்று விற்பவளுக்கு இது தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் வைத்தாள்.

வீட்டில் அவள் கணவன் எரிபெர்த்தோ வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“பேசாம இரு. மண்ணு அப்படி, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு சொல்லிக்க. யாரு கண்டா?”

“ஆரேயாவுக்குத் தெரியும் கிழவா.”

“அவளுக்குத் தெரிஞ்சா வானொலியில வந்த மாதிரிதான்.”

“அதுக்காகச் சொல்லல. வில்மர் நாப்பது செடி வாங்கிட்டுப் போயிருக்கான்.”

எரிபெர்த்தோ கத்தியைக் கீழே வைத்தார். “அந்த சோஃப்ரிதோக்காரனா?”

“சனிக்கிழம தேவாலயத் திருவிழாவுக்குப் பாட்டில் பாட்டிலா குடுக்கறதா ஒத்துக்கிட்டிருக்கான்.”

“அப்போ ஆம்புலன்ஸ் ஒண்ணு பத்தாது,” என்றார் அவர். பிறகு எழுந்து போய் வண்டிச் சாவியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார்.

வில்மருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலைநகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்யலாமென்று மலைக்குத் திரும்பி வந்தவன். வீட்டுக்குப் பின்னால் சரிவில் வரிசை பிடித்து நட்டிருந்தான். ஒவ்வொரு செடியும் இடுப்புயரம் வளர்ந்து, பச்சையும் ஆரஞ்சுமாகக் காய்த்துத் தொங்கியது. நெரெய்தாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். வயதில் மூத்த பெண்ணை ‘தோன்யா’ என்றும் ஆணை ‘தொன்’ என்றும் மரியாதையாக அழைப்பது அந்த ஊர் வழக்கம்.

“பாருங்க தோன்யா நெரெய்தா, உங்க கைராசி. நாளைக்கு மொதப் பறிப்பு.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உடனே சொல்ல மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் செடிகளைப் புகழ்ந்தாள். எரு என்ன போட்டாய் என்று விசாரித்தாள். பிறகு தன்மீதே எரிச்சல் வந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வில்மர் திரும்பி வரிசைகளைப் பார்த்தான். “எத்தன செடி?” என்றான்.

“தெரியல. பாத்தா தெரியாது. தின்னுதான் பாக்கணும்.”

“நாப்பதையுமா?”

“நான் பாக்கறேன். நீ சிவப்பு நூலும் கொஞ்சம் ரொட்டியும் பாலும் இருந்தா குடு. ஒரு செடியில ஒரு காய் போதும், அது எப்படியோ செடி பூரா அப்படித்தான்.”

முதல் வரிசையில் ஆரம்பித்தாள். காயை நகத்தால் கீறி, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பை நாக்கில் தொட்டுப் பார்ப்பாள். இனிப்பென்றால் அடுத்தது. காரமென்றால் துப்பிவிட்டு, ரொட்டித்துண்டை மென்று, ஒரு வாய் பால் குடித்துவிட்டு நூல் கட்டுவாள். நான்காவது செடிக்கு நூல், ஒன்பதாவதுக்கு நூல், பத்தாவதுக்கும் நூல். வில்மர் கைகட்டிப் பின்னாலேயே வந்தான். ஒவ்வொரு நூலுக்கும் மூக்கால் பெருமூச்சு விட்டான்.

இருபத்தைந்தாவது செடியோடு அவள் நின்றுவிட்டாள். உதடு வீங்கியிருந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகின.

“என் நாக்கு செத்துப்போச்சு. இனிமே சக்கரையக் குடுத்தாலும் எரியும். மிச்சத்த நீதான் பாக்கணும்.”

“நானா? நான் ஜென்மத்துல காரம் தின்னதில்ல.”

“அப்போ உனக்குச் சட்டுனு தெரிஞ்சுடும்.”

அவன் மூன்று செடிகளை ஒரு பயமுமில்லாமல் தாண்டினான். அவள் செய்தது போல் தொட்டுப் பார்க்கவில்லை. ஹோட்டல் சமையல்காரன் அல்லவா, கடித்து மென்றே பார்த்தான். நான்காவதில் மெல்லுவது நின்றது. கண் அகலத் திறந்தது. சரிவில் இறங்கிக் குழாயை நோக்கி ஓடினான்.

“தண்ணி குடிக்காத, பரவும்,” என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள். அதற்குள் குடித்துவிட்டிருந்தான். பால் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் போனபோது, அவன் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டிருந்தான். பாதிப் பாலைக் குடித்தபிறகு பேச்சு வந்தது.

“இதத் திருவிழாவுல வித்திருந்தா பாதிரியார் என்ன ஊரவிட்டே தொரத்தியிருப்பாரு.”

“என்னயும் சேத்துத்தான்.”

அவன் சிரித்துவிடுவான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. “நான் உங்கள நம்பித்தான தோன்யா வாங்கினேன். வேற எடத்துல வாங்கியிருக்கலாம். பக்கத்துலயே கெடைச்சது,” என்றான். குரலை உயர்த்தாமல் சொன்னான். ஆரேயாவின் சோற்றைவிட அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

மிச்சத்தை இருவரும் மாறி மாறிப் பார்த்து முடித்தார்கள். பதினோரு செடிகளில் நூல் தொங்கியது. வில்மர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“இதுங்க பக்கத்துல நின்னதால மத்தது கெட்டுடுமா?”

“காய் கெடாது. விதை மட்டும் எடுத்து வச்சுடாத.”

“சனிக்கிழமைக்குக் காய் பத்தாதே.”

அவளுக்கு அதுவும் தெரிந்திருந்தது. வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தாள். தாய்ச்செடிகளில் காய் நிறைய நின்றது. ஹபனேரோவைப் பிடுங்கிய பிறகு பூத்துக் காய்த்தவை, கலப்பில்லாதவை. அடுத்த பருவ விதைக்கென்று நல்லதாகப் பார்த்து அவற்றில் நீல நூல் கட்டி வைத்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டால் அடுத்த காய்ப்பு வரும்வரை விதைக்க ஒன்றும் இருக்காது.

“நாளைக்கு ரெண்டு கூடை கொண்டாந்து தரேன்,” என்றாள். “ஒவ்வொண்ணும் நான் தின்னு பாத்த செடிதான்.”

மறுநாள் விடிகாலையில் நீல நூல்களை அவிழ்த்துவிட்டுப் பறித்தாள். எரிபெர்த்தோவும் கூடவே நின்று பறித்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே, நாலு காயாவது வை என்று அவர் சொல்ல, அவள் நாலு காய் மட்டும் விட்டுவைத்தாள்.

அன்றும் அதற்கு மறுநாளும் மற்ற வீடுகளுக்குப் போனாள். யாருக்கு எத்தனை விற்றோம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. முகத்தை நினைத்து நினைத்து வீட்டைக் கண்டுபிடித்தாள். பெரும்பாலோர் ஆரேயா மூலம் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்கள். “வா வா, ஆம்புலன்ஸோட வந்தியா?” என்று ஒருத்தி வரவேற்றாள். இவெலிஸ்ஸெ என்ற பள்ளி ஆசிரியை மட்டும் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றபடியே, “செடியப் புடுங்கி எறிஞ்சாச்சு, உங்களுக்கு வீண் அலைச்சல்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அதற்குப் பிறகு நெரெய்தாவிடம் எதையும் வாங்கியதில்லை.

தொன் எலெயுத்தேரியோ தனியாக வாழும் மனிதர், எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டில் இரண்டு செடி, இரண்டுமே காரம்.

“உங்களுக்கு எதுவும் தெரியலையா?” என்று கேட்டாள் நெரெய்தா.

“தெரியாம என்ன. ஒரு மாசமா நெஞ்சு எரியுது, வயிறு எரியுது. டாக்டர்கிட்டப் போனேன். காப்பியினாலன்னு சொன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, காப்பிய நிறுத்திட்டேன்.” பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்போ இருபத்தாறு நாளா நான் சும்மாவா காப்பி குடிக்காம கெடந்தேன்?”

“மன்னிச்சுக்கங்க தொன் எலெயுத்தேரியோ.”

“சோறு எரிஞ்சது கெடக்கட்டும். காப்பிக்கு என்ன பதில் சொல்லப் போற நீ?”

அவளே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கோப்பை காலியாகும்வரை அவளைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இரண்டாவது கோப்பை கேட்டார்.

திருவிழாவில் வில்மரின் பாட்டில்கள் மதியத்துக்குள் விற்றுப்போயின. அதே சதுக்கத்தின் மறுஓரத்தில் நெரெய்தா வழக்கம்போலப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். போன விதையில் முளைத்த அஹி நாற்று இருபதுக்கு மேல் மிச்சம் இருந்தது, அதைக் கொண்டுவரவில்லை. மூட்டை கட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள். துளசியை முகர்ந்து பார்த்துவிட்டு, “இது எரியாதே?” என்று கேட்டுச் சிரித்தவர்கள் பலர். அஹி கேட்டவர்களிடம், போன ஈட்டில் காரம் கலந்துவிட்டது, நல்லது வர நாளாகும் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். சிலர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். சிலர் தக்காளி நாற்று வாங்கினார்கள்.

வில்மர் கடையை மூடிவிட்டு அவள் பலகைக்கு வந்தான். கையில் கடைசியாக ஒரு பாட்டில் இருந்தது. அதைப் பலகையில் விரித்திருந்த நீலத் துணிமேல் வைத்தான்.

“அந்தப் பதினோரு எடமும் காலியாக் கெடக்கு,” என்றான். “எப்போ நாத்து வரும்?”

“விட்டுவச்ச நாலு காய் பழுத்து மொளைக்கணும், செப்டம்பர் ஆகும். இனிமே தேனீ வராம பூவுக்கெல்லாம் வலைத்துணி கட்டப்போறேன்.”

“பரவால்ல.”

“வேற எடத்துல இப்பவே கெடைக்குமே.”

“கெடைக்கும்,” என்றான் அவன். “அவங்க தின்னு பாத்துக் குடுப்பாங்களான்னு தெரியல.”

அவள் ஒரு பெரிய தகரத்தைத் திருப்பிப்போட்டு அவன் உட்கார இடம் செய்தாள். பிறகு ஒரு கிழவி வந்து கொத்தமல்லி நாற்று விலை கேட்க, அதைப் பார்க்கத் திரும்பினாள்.