மாப்பிள்ளை வாய், மச்சான் நாக்கு

விஸ்கி விமர்சகர் தன் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்திலிருந்து, அவர் வாயில் வைத்தவற்றின் ருசியெல்லாம் நகரின் மறுகோடியில் பல் மருத்துவமனை நடத்திவந்த மச்சானின் நாக்கில் போய் விழ ஆரம்பித்தது. காப்பி குடித்தால் காப்பி, ரொட்டி தின்றால் ரொட்டி. பண்டம் என்னவோ விமர்சகரின் வயிற்றுக்குத்தான் போனது, போதை இருந்தால் அதுவும் அவர் தலைக்கே ஏறியது. ருசி மட்டும் வீடு மாறிவிட்டது. அந்த ஆண்டு மழை குறைவு, வாடகை கூடியது, பேருந்து நிலையத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். இதுவும் அந்த ஆண்டில் நடந்ததுதான்.

அவருடைய தொழில் அக்கம்பக்கத்தில் பலருக்குப் புரிந்ததில்லை. பெரிய ஆலைகள் தங்கள் பெயரில் விற்கும் சரக்கை அவர் தொடமாட்டார். ஸ்காட்லாந்தில் சில சிறு வணிகர்கள் இருக்கிறார்கள். ஆலைகளிடமிருந்து ஒற்றைப் பீப்பாயாக வாங்கி, நிறம் சேர்க்காமல், தண்ணீர் கலந்து காரத்தைக் குறைக்காமல், சொந்தச் சீட்டை ஒட்டிப் புட்டியில் அடைப்பவர்கள். பிரான்சில் கோன்யாக் என்ற திராட்சைச் சாராயத்தையும் அப்படி அடைப்பவர்கள் உண்டு. ஒரு பீப்பாயில் சில நூறு புட்டிகள் தேறும். தீர்ந்தால் தீர்ந்தது, அதே ருசி உலகத்தில் இன்னொரு முறை வராது. அவர்கள் கட்டைவிரல் உயரத்துக்கு மாதிரிப் புட்டிகளை அனுப்பிவைப்பார்கள். வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்து, ஒரு மிடறை நாக்கில் உருட்டி, சொட்டு நீர் விட்டு மறுபடி உருட்டி, எவர்சில்வர் குவளையில் துப்பிவிட்டு, மணம், சுவை, பின்சுவை என்று எழுதி மதிப்பெண் போட்டு இணையத்தில் ஏற்றுவார். துப்பித் துப்பி அறிகிறவர் என்பதால் அடுக்ககத்தில் அவருக்குத் துப்பறிவாளர் என்று பெயர். அவரும் அதைக் கேட்டுச் சிரிப்பவர்தான், அப்போதெல்லாம்.

மனைவி நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். குரல் பெரிது. அவர் எழுதியதை முதலில் படிப்பது அவள்தான். "மழையில நனைஞ்ச குதிரைச் சேணம்னு எழுதியிருக்கீங்களே, குதிரைய எப்பப் பாத்தீங்க?" என்பாள். அவர் அந்த வரியை அடித்துவிடுவார். ஒரு காலை குளத்தின் கரையில் விசிலை வாயில் வைத்தவள், ஊதாமலே தரையில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக் குழாய் ஒன்று வெடித்ததாகச் சொன்னார்கள்.

அவளுடைய அண்ணன், பல் டாக்டர், தனிக்கட்டை. இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் சாராயம் இருக்கிறதா என்று சீட்டைப் படித்துப் பார்க்கிற ஆள். சாராயத்தை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாழ்க்கைப்படுகிறாளே என்ற கோபத்தில், தங்கையின் கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்றுவிட்டுக் கை நனைக்காமல் போனவர். அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் மச்சானும் பேசிக்கொண்டது ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். தங்கை இறந்தபோது வந்து, தேம்பித் தேம்பி அழுது, முகம் கழுவிக்கொண்டு, அடுத்த வாரம் மருத்துவமனையைத் திறந்தார். விமர்சகர் அழவில்லை. பேருந்துக்கு நிற்பவர் போல நின்றார். கல்நெஞ்சுக்காரன் என்று சிலர் சொன்னார்கள். அவர் காதிலும் விழுந்தது, ஆனால் எங்கும் உறைக்கவில்லை.

விமர்சகரின் நாக்கைப் பார்த்த டாக்டர்கள் நாக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். மணமும் போயிருந்தது. அவர் மாதிரிப் புட்டிகளைத் திறந்து, உருட்டி, துப்பி, பழைய ஞாபகத்தில் எழுதினார். வாசகர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தப் பக்கம் பல் டாக்டர், வேர் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே வாயில் புகையும் அயோடினும் கட்டுத்துணி வாசனையும் வர, மருத்துவமனையைப் பினாயில் விட்டுக் கழுவினார். வாய் கொப்பளிக்கும் மருந்தை மாற்றினார். கழுவக் கழுவ, தேனும் வெந்த ஆப்பிளும் வந்தன. ஒரு நாள் காலையில் கருகிய ரொட்டியும் அதன்மேல் தாராளமாக ஆரஞ்சு ஜாமும் வந்தபோது கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். தங்கை சிறுமியாக இருந்தபோதே ரொட்டியைக் கருக்கித்தான் தின்பாள், அவள் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் ரொட்டியை அவ்வளவு கருக்கமாட்டார்கள். போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி."

"கருகிப்போச்சா?"

"தெரியல மச்சான். எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல."

"எனக்குத் தெரியுது. கரியா இருக்கு. நேத்து சாயங்காலம் என்னத்தக் குடிச்சீங்க? மூக்குக்குள்ள ஆஸ்பத்திரி மாதிரி."

விமர்சகர் பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு, "கட்டுத்துணியா, அயோடினா?" என்று கேட்டார்.

"ரெண்டும். கடைசியில கிராம்பு எண்ணெய்."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"நான் கிளினிக்க மூடற வரைக்கும் நின்னுச்சு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

இப்படித்தான் தொடங்கியது. பல் டாக்டர் திட்டிக்கொண்டேதான் சொன்னார். என் வாய்க்கு வந்துவிட்டது, சொல்லித் தொலைக்கிறேன் என்றார். மாலையில் நோயாளிகள் போன பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்காருவார். மறுமுனையில் விமர்சகர் ஒரு மிடறு எடுப்பார். பல் அச்செடுக்கிற ஈரக் களிமண், பழைய ரப்பர் கையுறை, கழுவி வெயிலில் வைத்த தட்டு, பயந்த ஆளின் உள்ளங்கை என்று மச்சான் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை எழுதினார். கோன்யாக் வந்தால் டாக்டரின் குரல் தணியும். "இது பரவாயில்ல, உலர்ந்த திராட்சை, செருப்புக் கடை" என்பார். ஒரு சொட்டு மதுவையும் தொடாமல் அவர் ஒரே ஆண்டில் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயையும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார். வாசகர்கள் பெருகினார்கள். துக்கம் மனிதரைக் கூர்மையாக்கிவிட்டது என்று ஒரு பீப்பாய் வணிகர் கடல் கடந்து எழுதினார். விமர்சகர் அதைப் படித்துவிட்டு மூடிவைத்தார். தனக்குத் துக்கம் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டில் பல் டாக்டருக்கு அழுகை வந்தது. அவருடைய அழுகை எப்போதோ அழுது முடிந்த ஒன்று, இது வேறு. ஒரு கிழவருக்குக் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்தது. "பல்லு அவ்வளவு மோசமாவா டாக்டர் இருக்கு?" என்று கிழவர் வாயைப் பிளந்தபடியே கேட்டார். பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. சிலர் வேறு டாக்டரைத் தேடிப் போனார்கள். சிலர், நமக்காக அழுகிற டாக்டர் யாருக்குக் கிடைப்பார் என்று தங்கினார்கள்.

அதே சமயத்தில் அவர் நாக்கில் விழுவது குறைந்துகொண்டே வந்தது. முதலில் மதியச் சாப்பாடு வரவில்லை. பிறகு இரவுச் சாப்பாடும். வெறும் காப்பி வந்தது, அதுவும் பால் இல்லாமல். பிறகு தண்ணீர், தண்ணீருக்கும் ஒரு ருசி உண்டு என்று அவர் அறிந்தது அப்போதுதான். பிறகு அதுவும் நின்றது. போனை யாரும் எடுக்கவில்லை. வாய் காலி வீடு போல இருந்தது. நாற்காலியில் இருந்த நோயாளியிடம், மரத்துப்போகும் ஊசி தெளிவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டுடனேயே டாக்ஸி பிடித்தார்.

கதவு பூட்டப்படவில்லை. விமர்சகர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. திறக்காத மாதிரிப் புட்டிகள் மேசையெங்கும் நின்றன.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"பசிக்கல மச்சான். பசிச்சாத்தானே."

"உங்க பசி என் வயித்துல இல்ல. அப்ப எங்கதான் போச்சு?"

"அதுவும் எங்கயாவது போயிருக்கும்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. நீங்கள் செத்துப்போனால் இந்த நாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கத்தினார். கத்திக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்து, முட்டையை உடைத்து ஊற்றினார். தட்டைக் கொண்டுவந்து வைத்தவர் எதிரே உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அந்த அழுகை வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். விமர்சகர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது தன்னுடையது என்று அவருக்கு அப்போது விளங்கியது. தன் ரொட்டியும் தன் விஸ்கியும் போன இடத்துக்கே இதுவும் போயிருக்கிறது. அவர் கையை நீட்டி மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"எப்பவும் சொல்ற மாதிரி. முதல்ல மணம்."

டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "குளோரின். கதவுக் குமிழ்ல தொங்குற ஈரத் துண்டு. யாரோ இப்பத்தான் தலை துவட்டிட்டு உள்ள போன மாதிரி."

"வாயில?"

"உலோகம். விசில கடிச்ச மாதிரி. அப்புறம் சூடா ஏதோ... அவ பேசாம கோவமா உக்காந்திருக்கா, நீங்க பின்னாடி நிக்கிறீங்க, மன்னிப்புக் கேக்கலாமா வேண்டாமான்னு. அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லியே மாப்பிள்ளை."

"அது மழை பேஞ்ச அன்னிக்கு. நான் கேட்டேன். அவ சிரிச்சுட்டா."

"ஆமா. சிரிக்கிறா."

"பின்சுவை?"

"முடியல," என்றார் டாக்டர். "இன்னும் போய்க்கிட்டே இருக்கு. இது முடியும்னு எனக்குத் தோணல."

விமர்சகர் தலையாட்டினார். அவர் கண்களில் எதுவும் வரவில்லை, நெஞ்சிலும் வரவில்லை. ஆனால் தன் மனைவி இறந்து எவ்வளவு துயரப்பட்டிருக்கிறோம் என்று ஒருவர் நேரில் பார்த்து வந்து சொல்லக் கேட்டது அவருக்குப் போதுமானதாக இருந்தது. கேட்டதில் ஒரு வரிகூட அடிக்க வேண்டியதில்லை என்றும் நினைத்தார்.

அடுத்த மாதம் பல் டாக்டர் தன் பெட்டிகளுடன் அந்த வீட்டுக்கே வந்துவிட்டார். அழுகை வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஞாயிறு மாலையில் வரும். விமர்சகர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்துத் தெரிந்துகொள்வார். புதிய பீப்பாய்கள் வந்தன, தீர்ந்தன. பாலம் கட்டினார்கள், பேருந்து நிலையம் பழைய இடத்துக்கே திரும்பிவந்தது. ருசி திரும்பி வரவில்லை, இருவரும் அதைத் தேடவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தட்டு வைப்பார்கள். டாக்டரால் இரண்டையும் ஒரே நேரத்தில் ருசிக்க முடியாது என்பதால் விமர்சகர் முதலில் சாப்பிடுவார். அவர் வாயில் வைத்து மெல்ல, எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மச்சான், உப்பு கொஞ்சம் கம்மி என்பார். மாப்பிள்ளை எழுந்து போய் உப்பை எடுத்துவருவார்.