நாற்பதடி டிரெய்லரின் கூன்

ராஜபாளையத்தில் சங்கிலிப்பாண்டி கட்டுகிற டிரெய்லர்களுக்கு நடுவில் சற்று மேடு இருக்கும். பாரம் ஏறினால் மேடு அமுங்கித் தளம் மட்டமாகும். முதலிலேயே மட்டமாகக் கட்டினால் பாரத்தில் நடு இறங்கித் தொட்டிலாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் லாரி முதலாளி அழகியமணவாளனுக்கு இது தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கமும் அவர் வீட்டில் இல்லை.

புது டிரெய்லரை எடுக்க வந்தவர் பக்கவாட்டில் நூல் பிடித்தார். நடுவில் நாலு விரல் மேடு. நான் பார்த்தபோது நாலு விரல்தான். அவர் திட்டத் திட்ட வளர்ந்தது. மதியம் பெய்த மழையில் பாதித் தண்ணீர் ராஜபாளையம் பக்கமும் பாதி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் ஓடியது.

"ஏலே, டிரெய்லர் கேட்டேனா, ஒட்டகம் கேட்டேனா?"

"பாரம் ஏத்திப் பாருங்க மொதலாளி. பொறவு பேசுங்க."

"நிமித்திக் குடு. இல்லாட்டி நீயே இழுத்துக்கிட்டுத் திரி."

"நிமித்த மாட்டேன். ஒம்ம கழுத்தை வேணா நிமித்துதேன். அதுதான் என்னிக்கும் கோணி இருக்கு."

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். பாரம் ஏற்றியும் மட்டமாகாவிட்டால் சங்கிலிப்பாண்டி பட்டறையை மூட வேண்டும். மட்டமானால் முதலாளி மறுபேச்சில்லாமல் வண்டியை எடுக்க வேண்டும்.

சோழபுரம் மில்லுக்குப் போக வேண்டிய முப்பது டன் பாய்லரைக் கிரேன் டிரெய்லர் மேல் இறக்கி வைத்தது. மேடு மெள்ள மெள்ள அமுங்கியது. நானே குனிந்து பார்த்தேன். நூலுக்கும் தளத்துக்கும் நடுவே நுழையப் பார்த்த எறும்பு ஒன்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

அழகியமணவாளன் நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்ன மொதலாளி, வாயிலயும் பாரம் ஏத்தியாச்சா?" என்றான் சங்கிலிப்பாண்டி.

வண்டி போனது. சாயங்காலம் மில்லில் பாய்லரை இறக்கியதும் போன் வந்தது.

"ஏலே, திரும்பவும் கூனிட்டு. வந்து எடுத்துட்டுப் போ."

"எறக்குனா கூனத்தான் செய்யும். எடுத்தது எடுத்ததுதான்."

கூன் வண்டியோடு ஊருக்குள் நுழைய அவருக்கு மனமில்லை. பாய்லரை மறுபடி மேலே ஏற்றச் சொன்னார். மில் மேனேஜர் காஞ்சனா குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அது எங்க பாய்லரு."

"இருக்கட்டும். வண்டி எம்புட்டு நேரா நிக்கி, பாத்தியளா? எறக்க மாட்டேன்."

ஏழு மாதமாகிறது. மில்காரர்கள் திட்டிப் பார்த்தார்கள், வக்கீல் வைத்துப் பார்த்தார்கள். இப்போது டிரெய்லரைச் சுற்றிக் கொட்டகை போட்டு, அதன் மேலேயே பாய்லரை எரிக்கிறார்கள். அழகியமணவாளன் மாதம் ஒருமுறை போய், டயருக்குக் காற்று அடித்துவிட்டு, சங்கிலிப்பாண்டியை நாலு வார்த்தை ஏசிவிட்டு பஸ்ஸில் திரும்புகிறார்.