வீட்டில் சொட்டும், படகில் சொட்டாது

ஹாவ்சூலா என்ற அந்தப் பழைய மீன்பிடிப் படகின் டீசல் ஹீட்டருக்குக் குன்வோர் செய்யாத பணிவிடை இல்லை. எரிகிண்ணத்தின் அடியில் இறுகிக் கிடந்த கரியைச் சுரண்டினாள். புகைக்குழாயில் கம்பிப் பிரஷ்ஷை விட்டுக் குடைந்து, முகமெல்லாம் கறுத்து நின்றாள். வடிகட்டியை மாற்றினாள், தொட்டியில் தேங்கிய தண்ணீரை வடித்தாள். இத்தனைக்கும் அந்த மகாராஜா காப்பி கொதிக்கும் நேரம் மட்டும் நீலமாக எரிவார். அப்புறம் சுடர் குறுகிக் குறுகிக் கிண்ணத்தின் ஓரத்தில் குந்தும், பிறகு அணைந்துவிடும்.

மறுநாள் விடிந்ததும் வெஸ்ட்ஃபியோர்டு என்ற கடலைக் கடந்து லொஃபோட்டன் தீவுகளுக்குப் போக வேண்டும். காட் மீன் வந்துவிட்டது, துறையில் பாதிப் படகுகள் கிளம்பிவிட்டன. ஜனவரிக் குளிரில் நனைந்த கையோடு வந்து ஐஸ்பெட்டி மாதிரி ஓர் அறையில் படுக்க அவள் தம்பி ஓஸ்முன் தயாராக இல்லை. ஹால்கெய்ரின் பெரிய படகில் அவனுக்கு ஓர் இடம் காத்திருந்தது, மத்தியானத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவன் போய்விட்டால் ஒற்றை ஆளாக அவளால் வலை இழுக்க முடியாது, சீசன் போச்சு. சீசன் போனால்கூடப் போகட்டும், தம்பி போய்விடுவானே என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அக்காவும் தம்பியும் அப்படி வளர்ந்தவர்கள் இல்லை.

"அங்க கால் வைக்கிற எடமெல்லாம் சூடு வருதாம்க்கா," என்றான் ஓஸ்முன், கம்பளிக்குள் இருந்தபடியே. "கையுறை காயப்போடத் தனி அலமாரியாம்."

"போயேன். போயி அந்த அலமாரிக்குள்ளயே படுத்துக்க."

"இங்க படுத்து என்னத்தக் கண்டேன். கொஞ்ச நாளா காலையில முழிச்சா செவுத்தோட ஒட்டிக் கெடக்கேன்."

"தொப்பையக் கொறைடா. அது உருண்டா நீயும் சேந்துதான உருளணும்."

துறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவன் காற்று என்றான், ஒருவன் குழாயின் தொப்பி என்றான், ஒருவன் டீசல்தான் மட்டம் என்று சத்தியம் செய்தான். தொப்பியையும் மாற்றியாயிற்று, டீசலையும் மாற்றியாயிற்று. அடுப்பில் சாம்பார் தீய்ந்தால் தெருவே வந்து மோந்து பார்க்குமே, அந்தக் கதைதான்.

அவளை நேற்று முதல் அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. ஹீட்டரின் வலப்பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைப் பெட்டி தொங்கும். உள்ளே ஒரு மிதவையும் ஊசியும் இருக்கும், டீசலை அளந்து சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்துக்கு அனுப்புவது அதன் வேலை. அதைத்தான் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், சமையல் மேசையில் பொருத்தி, மேலே டீசல் ஊற்றி, கீழே ஒரு காப்பிக் கோப்பையை வைத்துப் பார்த்தாள். என்ன அழகாகச் சொட்டியது தெரியுமா. சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி படகில் மாட்டினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. கோபத்தில் ரெஞ்சால் அதன் தலையில் ஒரு போடு போட்டாள், அதுவும் பலிக்கவில்லை.

"வீட்டுல சொட்டுது, இங்க சொட்டல," என்றாள். "அதே பெட்டி, அதே டீசல். எனக்கு மண்ட காயுதுடா."

"உன் சமையலறை சூடா இருக்கும். எனக்கும் அங்க நல்லாத்தான் ஓடும்."

"இன்னொண்ணு கேளு. அக்டோபர்ல டீசலக் கூட்டுற இந்தக் குமிழ ரெண்டுல வெச்சா அறையே வேகும். கிறிஸ்துமஸுக்கு நாலுல வெச்சேன். இப்ப கடைசி வரைக்கும் திருகியாச்சு. அழுக்குன்னா ஒரு நாள் அடைக்கும், ஒரு நாள் விடும். இது என்னமோ ஒழுங்கா படிப்படியால்ல எறங்குது?"

ஓஸ்முன் கைபேசியில் மணி பார்த்தான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பெட்டியை இன்னொரு தடவை கழற்றினாள்.

கழற்றும்போது கொஞ்சம் டீசல் மேசையில் சிந்தியது. துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றாள். அந்தச் சொட்டு ஏதோ வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வலப்பக்கமாக ஓடி, விளிம்பில் தொங்கி, கீழே விழுந்தது. வேண்டுமென்றே இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் அதே வழியில் போயிற்று. சுற்றிப் பார்த்தாள். மேசையில் ஓஸ்முனின் அவித்த முட்டை இருந்தது. அதை எடுத்துத் தரையின் நடுவில் வைத்துக் கையை விட்டாள். முட்டை யோசித்து யோசித்து உருண்டு, அவன் படுக்கைக்கு அடியில் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"அக்கா, அது என் முட்டை," என்றான் ஓஸ்முன்.

"எந்திரி. உன் தொப்பை மேல தப்பில்ல."

அவள் கோட்டுகூடப் போடாமல் துறைமேல் ஏறினாள். அப்போதுதான் நீலமாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. படகின் பின்புறம் போய் நின்று பார்த்தாள். உடம்பைச் சுற்றி அடித்திருந்த சிவப்புப் பட்டை இடப்பக்கம் நீருக்கு மேல் உள்ளங்கை அகலம் தெரிந்தது. வலப்பக்கம் பட்டையே இல்லை, நீருக்குள் போயிருந்தது. தினமும் ஏறி இறங்கியவள் அவள், வைத்தியம் சொன்னவர்கள் அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் போனார்கள். மெல்ல மெல்லச் சாய்ந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்.

படகை முன்பு வைத்திருந்தவன் அதன் பின்பக்கத்தை நீளமாக்கியபோது, மிதப்பதற்காக இருபுறமும் மூடிய காற்றுப்பெட்டிகள் வைத்துக் கட்டியிருந்தான். பின்னாலேயே வந்த ஓஸ்முன் ரெஞ்சை எடுத்து இடப்பக்கப் பெட்டியைத் தட்டினான். டங்கென்று கேட்டது. வலப்பக்கத்தைத் தட்டினான். தொம்மென்று கேட்டது, தண்ணீர் நிரம்பிய பீப்பாயைத் தட்டினால் கேட்குமே, அது. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடியின் திருகைக் கழற்றினால் விளிம்பு வரை கடல்.

இறைக்க இறைக்க வந்துகொண்டே இருந்தது. பம்பை மாற்றி மாற்றி அடித்தார்கள். படகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தபோது, துறைச் சுவரில் உரசி உரசி விழுந்திருந்த விரிசலும் நீருக்கு மேலே வந்தது. நகம் நுழையும் அளவுதான். துறையில் இப்படி என்றால், நடுக் கடலில், வலையும் மீனும் ஏறி, அலை பக்கவாட்டில் அடிக்கும்போது என்ன ஆகியிருக்கும் என்று குன்வோர் யோசித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு உள்ளே போய்ப் பெட்டியை மாட்டினாள். வேறெதையும் தொடவில்லை. குமிழை இரண்டில் வைத்துப் பற்றவைத்தாள். காப்பி கொதித்தது, ஆறியும் போனது. சுடர் கிண்ணம் நிறைய, நீலமாக, ஆடாமல் நின்றது. வலப்பக்கம் தாழ்ந்ததால் பெட்டியும் கிண்ணத்துக்குக் கீழே தாழ்ந்திருக்கிறது. பாவம், டீசல் மேடேற முடியாமல் திணறியிருக்கிறது. படகு சாயச் சாய அவள் குமிழைத் திருகித் திருகி அது சொல்ல வந்ததைக் கேட்காமல் அதன் வாயை அடைத்திருக்கிறாள்.

"நேத்து இது எரிஞ்சிருந்தா, நாளைக்குக் கெளம்பியிருப்போம்டா," என்றாள்.

"தெரியும்."

"நான் இத ரெஞ்சால அடிச்சேன்."

ஓஸ்முன் ஹீட்டருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ ஹால்கெய்ர்கிட்ட போ. படகக் கரையேத்தி ஒட்டி எறக்கறதுக்குள்ள பாதி சீசன் போயிரும். உன் பொழப்பையும் நான் கெடுக்க வேணாம்."

அந்நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. ஹால்கெய்ர்தான். ஓஸ்முன் எழுந்து போகாமல் அங்கேயே எடுத்தான். வரவில்லை என்றான். அந்தப் பக்கம் என்னவோ சத்தமாகக் கேட்டார்கள். "இன்னுமா அந்தப் பழைய ஹீட்டரோட மல்லுக்கட்டுறீங்க?" என்பது குன்வோர் காதில்கூட விழுந்தது.

"ஹீட்டருக்கு ஒரு கேடும் இல்ல," என்றான் ஓஸ்முன். "படகுதான் ஒடைஞ்சு கெடக்கு. ஒட்டணும், அதான் வரல."

கைபேசியை வைத்துவிட்டு, குனிந்து, படுக்கைக்கு அடியில் கையை விட்டுத் தன் முட்டையைத் தேடினான்.