இல்லாத வேலைக்கு ஓர் ஆள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதனால்தான் கிளம்பும்போதே வீட்டுக்காரர், "வக்கீல் இல்லாம போறே. வாயை அளந்து பேசு" என்றார். வக்கீல் வைக்க வக்கில்லாதவளுக்கு வாயாவது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தொழிலாளர் விசாரணை அறை. நீள மேசையின் தலைமாட்டில் அதிகாரி அம்மா. எதிரே என்னை வீட்டுக்கு அனுப்பிய சலவை ஆலையின் மேனேஜரும் வக்கீலும். அவர்கள் பக்கத்தில், கம்பெனியின் சாட்சியாக, என் நாத்தனார்!

புருஷன் விட்டுப்போய் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றவளை அந்த ஆலையில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரே வீட்டில் ஒரே அடுப்பு. காலையில் "வேலைக்குப் போயிட்டு வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

வக்கீல் ஆரம்பித்தார். "புது இஸ்திரி உருளை தானாவே துணியை இழுத்துக்கும் மேடம். இவங்க மாதிரி துணி நுழைக்கத் தனி ஆள் வேண்டாம். அந்த வேலையே ஒழிஞ்சுபோச்சு. மத்தபடி இவங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல."

வருத்தம் இல்லையாம்! விரல் நசுங்கிய ஒரு பெண்ணுக்காக மேனேஜரிடம் சண்டை போட்டேன். அடுத்த வாரமே என் வேலை ஒழிந்துவிட்டது.

அதிகாரி நாத்தனாரைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"அழுக்குத் துணி பிரிக்கிறேம்மா."

"உருளைகிட்ட?"

"போறதே இல்லம்மா."

"பச்சைப் பொய்!" என்று எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க. கேள்வி இருந்தா கேளுங்க."

ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. உருளைக்குள் ஈரப் போர்வையை நுழைக்கும்போது அதன் சூடான விளிம்பு மணிக்கட்டுக்கு மேலே கோடாகச் சுட்டுவிடும். புதிதாக நிற்கிற எவளும் தப்பியதில்லை. "மாப்பிள்ளை முத்தம் கொடுத்தாச்சா?" என்று கேலி பண்ணுவோம். அழுக்குத் துணி பிரிப்பவளுக்கு அந்தச் சூடு படாது. இவளோ கொஞ்ச நாளாக வீட்டில்கூட முழுக்கைச் சட்டைதான்; இன்றும் இந்தப் புழுக்கத்தில் அதையே போட்டிருந்தாள்.

கேட்டால் என் வேலை திரும்பும். பொய் சொன்னதற்காக இவளைத் துரத்துவார்கள். "அத்தை, அத்தை" என்று காலைச் சுற்றும் அந்த இரண்டு பிள்ளைகளும் கண்ணில் நின்றார்கள். கேட்காவிட்டால் என் பிள்ளைகளுக்கு என்ன பதில்?

"கேள்வி இல்லையா?" என்றார் அதிகாரி.

"கையைக் காட்டுடி," என்றேன்.

"அண்ணி..."

"காட்டுன்னா காட்டு!"

பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். இரண்டு கையிலும் சிவந்த கோடுகள். ஒரு கொப்புளம் உடைந்து பச்சைப் புண்ணாக இருந்தது. நான் என் கைகளையும் மேசைமேல் நீட்டினேன். அதே இடத்தில் பழைய தழும்புகள்.

"அண்ணியை அனுப்பின மறுநாள்லேர்ந்து நான்தான் நிக்கிறேன்," என்று நாத்தனார் அழுதாள். "இப்படிச் சொல்லலைன்னா உன்னையும் அனுப்பிடுவோம்னு மேனேஜர் சொன்னாரு."

அதிகாரி பேனாவை வைத்தார். "ஆள் நிக்கிற வேலை எப்படி சார் ஒழிஞ்சுபோச்சு? இந்தம்மாவை வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொல்லித்தான் எழுதப்போறேன்."

மேனேஜர் கத்தினார். "எடுத்துக்கிறோம். ஆனா இந்தப் பொய்க்காரி நாளைலேர்ந்து உள்ள வரக் கூடாது!"

ஜெயித்த சந்தோஷம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை.

"திருப்தியா அண்ணி?" என்றாள் அவள்.

சுருக்கென்றது. மேசையைச் சுற்றிப்போய் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, இவ கேஸையும் எழுதிக்குங்க. மிரட்டிப் பொய் சொல்ல வச்சுட்டு, இப்போ துரத்துறாங்க."

"சும்மா இருங்க அண்ணி. உங்களுக்குக் கிடைச்ச வேலையும் போயிடப்போகுது," என்று அவள் என் முந்தானையை இழுத்தாள்.

புண்ணில் படாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ அழுறதை அழு. நான் பேசிக்கிறேன்."