நஞ்சுண்டசாமி சொன்ன ‘ஆமா’

அப்பா நஞ்சுண்டசாமியின் தாடையைக் கட்டுவதற்குப் பழைய வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தபோது தீபாவின் போன் அதிர்ந்தது. தம்பி அருண்ராஜ் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டானாக்கும் என்று எடுத்துப் பார்த்தாள். தம்பி இல்லை. நார்வேயிலிருந்து சிக்ரிட். இழவு வீட்டில் வந்து கதவைத் தட்டுகிற நேரத்தைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டே படித்தாள். படித்து முடித்ததும் அப்பாவின் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யார் இந்த சிக்ரிட்? தீபா கம்பெனி வேலையாக அமெரிக்காவில் இருந்தபோது, கூட இருந்தவர்கள் எல்லாம் செய்கிறார்களே என்று ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிவைத்தாள். சர்க்கரை வியாதி வருமா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான். மைசூருக்குத் திரும்பி அதை மறந்தும் போனாள். போன வருஷம் அந்தச் சோதனைக் கம்பெனி வழியாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் சிக்ரிட். அவளுடைய அப்பா ஓலாவ் மைசூரில் பிறந்து, கைக்குழந்தையிலேயே ஒரு நார்வேத் தம்பதிக்குத் தத்துப் போனவர். சிக்ரிட்டுக்குக் குடும்ப வரலாறு தேடுவதில் பைத்தியம். அம்மா வழியில் நானூறு வருஷத்து மனிதர்களைப் பேர் பேராகப் பிடித்து வைத்திருந்தாள். அப்பா வழி மட்டும் மைசூர் என்ற ஒரு சொல்லோடு நின்றுபோயிருந்தது. அதனால் அப்பாவின் எச்சிலையும் அதே கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள். ஓலாவுக்கும் தீபாவுக்கும் ரத்தம் பொருந்துகிற அளவைப் பார்த்தால், பெற்றவர்களில் ஒருவர் இருவருக்கும் பொது என்று எழுதியிருந்தாள்.

பெற்றவர்களில் ஒருவர் என்றால் யாராகவும் இருக்கலாம். படித்த பெண், யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. இந்த மாதிரி விஷயம் என்றால் ஆம்பளைதான் என்று, நேராக ஸ்ரீராம்புராவில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் மூக்குக்கு நேரே போனை நீட்டினாள்.

“அப்பா, உங்களுக்கு வேற புள்ள இருக்கா?”

அம்மா சாமியாத்தாள் கையெல்லாம் ராகி மாவோடு சமையலறை வாசலில் நின்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அம்மாவை ஒரு முறை பார்த்தார்.

“ஆமா,” என்றார்.

அவ்வளவுதான். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கிய மனிதர், பெற்ற பிள்ளைகளுக்கு வேண்டாதவராகிப் போனார். அருண்ராஜ் பேச்சையே விட்டுவிட்டான். தசராவுக்குக்கூட வரவில்லை. தீபா வருவாள், மாத்திரையை மேஜைமேல் வைப்பாள், போவாள். “சாப்டியா கண்ணு?” என்று அவர் கேட்டால் செருப்பைத் தேடுவாள். இன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

இப்போது சிக்ரிட் எழுதியிருந்தது இதுதான். டல்லஸில் இருக்கும் மனோஜ்குமார் என்பவரும் சோதனை செய்திருக்கிறார், அவருக்கும் ஓலாவுக்கும் நெருங்கிய பொருத்தம் இருக்கிறது, அவர் உனக்கு எந்த வழியில் சொந்தம்? மனோஜ்குமார் பெரியம்மா மகன். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா பிள்ளை. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களாக இருந்தாலாவது குழப்பம் என்று சொல்லலாம். அப்பா நஞ்சன்கூடு, அம்மா ராமாபுரம், கல்யாணத்துக்கு முன் ஒட்டு இல்லை உறவு இல்லை. மனோஜ் உடம்பில் அப்பாவின் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது.

தீபா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியபோது அருண்ராஜ் வந்தான். ஷூவைக் கழற்றாமல் கேட்டருகே நின்றுகொண்டான். அப்பாவின் தம்பி கெம்பையன் அவனிடம் போனார்.

“வண்டி வந்திருச்சு தம்பி. குளிச்சுட்டு வந்து கொள்ளிச்சட்டி எடுக்கோணுமில்ல?”

“நான் எடுக்க மாட்டேன் சித்தப்பா. மூத்த புள்ள ஒருத்தன் இருக்கானில்ல, அவனைக் கூப்புடுங்க.”

தெருவே திரும்பிப் பார்த்தது. தீபா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

“சும்னிரு அக்கா, பேசாத. இத்தன வருஷம் அம்மாவ ஏமாத்துனவருக்கு நான் மொட்டை போடணுமா?”

தீபாவுக்குச் சொல் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அப்பாவின் பேர் பிழைக்கும். அம்மா? தாலி இன்னும் கழுத்தில் கிடக்கிறது, ராமாபுரத்துச் சனம் முழுக்க கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சொல்லாவிட்டால், பெற்ற மகன் கை படாமல், ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு அப்பா எரிவார். தீபா உள்ளே போய் அம்மாவை எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

“அம்மா, அந்த ஓலாவ் உன் புள்ளையா?”

அம்மா திடுக்கிடவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன் கண்ணு. ஒரு புள்ள பெத்தேன், இங்க மைசூருல ஒரு ஆசிரமத்துல எங்கப்பன் குடுத்துட்டான்னு. கெணத்தடியில நின்னுட்டு, ‘அந்தப் புள்ள நல்லா இருக்குதா’ன்னு கேட்டாரு. வேற ஒண்ணுமே கேக்கல.”

“நான் போனை நீட்டுனப்ப…”

“நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஆமான்னுட்டாரு. நீ போனதும் அழுதேன். ‘விடு சாமி, எனக்கு வயசாயிருச்சு, என்னைய எத்தன நாளைக்குத் திட்டப்போறாங்க’ன்னாரு. நானும் விட்டுட்டேன். எனக்குத் தைரியமில்ல புள்ள.”

தீபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐயோ, அந்த மனுஷன் கேட்ட கேள்விக்கு ஒரு நாளாவது, சாப்பிட்டேன் என்று பதில் சொல்லியிருக்கலாமே!

“தம்பிகிட்ட சொல்லட்டுமா?”

“நீ சொல்லாத.”

அம்மாவின் முடிவு அதுதான் போலிருக்கிறது என்று தீபா நினைத்தாள். அப்பா ஒரு வருஷம் சுமந்ததை இனி நாம் சுமக்க வேண்டியதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாய்க்கரிசித் தட்டு வந்தது. அம்மா ஒரு பிடி எடுத்து அப்பாவின் உதட்டில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் தட்டில் கையை விட்டாள்.

“ஒருக்காப் போட்டாப் போதுமுங்க அண்ணி,” என்றார் கெம்பையன்.

“இது மூத்தவனுக்கு. அவன் அங்கிருந்து வர முடியாதில்ல. அவன் பேர்ல நான் போடறேன்.”

கேட்டிலிருந்து அருண்ராஜ் கத்தினான். “பாத்தியாக்கா? இப்பவும் அந்தாளுக்காக…”

“அவரைப் பேசாத அருணு!” அம்மாவின் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “அவன் எம் புள்ள. அவரு புள்ள இல்ல. கண்ணாலத்துக்கு முன்னால நான் பெத்தது. எம்மேல பழி வரக்கூடாதுன்னு அவரு வாங்கிக்கிட்டாரு, நீங்க பேசுனதெல்லாம் வாங்கிக்கிட்டாரு.”

அம்மா இரண்டாவது பிடியையும் போட்டாள். கன்னத்தில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

அருண்ராஜ் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். யாரும் வழி விலகச் சொல்லவில்லை, தானாக விலகினார்கள். அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு அரிசியை அள்ளி அந்த வாய்க்கு நேரே கொண்டுபோனான். மூடிய கை திறக்கவில்லை. கெம்பையன் வண்டிக்காரனைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். தீபா தம்பியின் அருகில் உட்கார்ந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.